மாமா கடையில் நின்ற பையன்



விருதுநகரில் ஒரு பையன். சின்ன வயதிலேயே தகப்பனைப் பறிகொடுத்தவன். படிப்பைப் பாதியில் விட்டு, தாய்மாமன் துணிக்கடையில் போய் நின்றான். பேர் சொல்ல வேண்டுமா? வேண்டாம், அதற்குள் கைதட்டிவிட்டீர்கள்!

கடையில் நின்றதால்தானே அவர் தலைவரானார் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். கடைதான் அவரை உயர்த்தியது என்றால், முதலமைச்சரானதும் பிள்ளைகளுக்கு ஊர் ஊராகக் கடையல்லவா வைத்துக் கொடுத்திருப்பார்? பள்ளிக்கூடமல்லவா திறந்தார்! 1956-ல் மதியச் சோறு போட்டல்லவா உள்ளே கூப்பிட்டார்!

அவர் வருவதற்கு முன், 1953-ல் ஒரு திட்டம் இருந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம் பாடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பேர் வைத்து எதிர்த்தது தமிழ்நாடு. மறுவருடம் விருதுநகர்க்காரர் வந்தார், திட்டம் போனது.

ஆனால் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே என்ன நடந்தது? சிவகாசி! பொழுது விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் தாய் ஏற்றிவிடுவாள். குச்சி அடுக்க வேண்டும், பெட்டி ஒட்ட வேண்டும். எவ்வளவு முடித்தாயோ அவ்வளவுதான் கூலி. அந்தத் தாயைக் குறை சொல்லாதீர்கள். பிஞ்சு விரல் பாதிக் கூலிக்குக் கிடைக்கும்போது பெரியவளுக்கு முழுக் கூலி எவன் கொடுப்பான்? பிள்ளையின் சம்பளம் குடும்பத்தின் வறுமையைத் தீர்க்கவில்லை, தாயின் கூலியைத்தான் கீழே தள்ளியது.

உச்ச நீதிமன்றத்துக்கு அது புரிந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். பெரியவருக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி! எவ்வளவு நேரான கணக்கு, ஐயா!

அந்தக் கணக்கை 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்திக் குழப்பினார்கள். பதினான்கு வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்று ஒரு கையால் எழுதினார்கள். பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று மறு கையால் எழுதினார்கள். குடும்பம் என்றால் யார்? அப்பா அம்மா மட்டுமில்லை. அத்தை, சித்தப்பா, சித்தி, மாமா எல்லாரும் உண்டு. ஆமாம், மாமா கடையும் உண்டு! பீடி சுற்றும் வீட்டையும் தறி ஓடும் வீட்டையும் மாலை ஆறு மணிக்கு எந்த அதிகாரி எட்டிப் பார்ப்பார்? 1954-ல் முன்வாசல் வழியாகத் துரத்தியது கொல்லைப்புறமாக வந்து நிற்கிறது!

பிஞ்சிலேயே தொழில் படிய வேண்டும் என்று உபதேசிக்கிறவர்களே, உங்கள் பேரன் எந்தப் பட்டறையில் இருக்கிறான்? யாராவது ஒருவர் கை தூக்குங்கள் பார்ப்போம்! தூக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன், நம் வீட்டுப் பிள்ளைக்குத் தொழிலா?

தாய்க்குக் காப்பிக் குவளை எடுத்துக் கொடுப்பதையோ, தகப்பனோடு வயலுக்குப் போய் வருவதையோ யாரும் இங்கே குற்றம் சொல்லவில்லை. விற்பனைக்குப் போகும் சரக்கில் பிள்ளையின் உழைப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத் தொழில் விதிவிலக்கை நீக்க வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள். உங்கள் தெருவில் ஒரு பிள்ளை பள்ளி நேரத்தில் டீ கிளாஸ் கழுவினால், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இன்றைக்கே போன் போடுங்கள்.