கம்பி விரைந்தது, சேவையகம் காத்திருக்கிறது



வலையமைப்புக் கோப்புச் சேவையகத்தைப் பற்றிப் பேசவே ஒரு கருத்தரங்கு, அதுவும் திருக்கோணமலையில். எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலோடு கலக்கிறது. அங்கிருந்து வெளிக்கடலை நோக்கி ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. ஆற்று நன்னீரும் ஆழ்கடல் நீரும் சந்திக்கும் இத்தகைய இடத்தின் நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக்க முனைபவர் எவரும் முதலில் கணிப்பு வேகத்தைப் பற்றித்தான் கவலைப்படுவார். மாதிரி ஓடத் தொடங்கியதும் கவலை இடம் மாறிவிடும். ஒவ்வொரு நேரப்படிக்கும் உப்புத்தன்மை, வெப்பநிலை, நீரோட்டம் என்று கோப்புகள் குவியும். பத்துக் கணினிகள் ஒரே சேவையகத்தில் எழுதக் காத்து நிற்கும். கணிப்பு முடிந்துவிட்டது, கோப்புக்காகக் காத்திருக்கிறோம் என்று மாணவர்கள் சொல்வார்கள். இன்றைய கருத்தரங்கு அந்தக் காத்திருப்பைப் பற்றியது.

நாம் பேசும் நெறிமுறைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறைமையை 1984இல் உருவாக்கியது. அன்றைய வலையமைப்பு மெதுவானது. அதனால் சேவையகத்தினுள்ளே தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒருமுறை கூடுதலாகப் பிரதி எடுத்தாலும் எவரும் கவனிக்கவில்லை. இன்று செக்கனுக்கு 100 ஜிகாபிட் அனுப்பும் வலையமைப்புக் கார்டு கடையில் கிடைக்கிறது. அது செக்கனுக்கு 12.5 ஜிகாபைட். 4 கிலோபைட் நினைவகப் பக்கங்களாகக் கணக்கிட்டால் செக்கனுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை பிரதி எடுப்பதென்றால் நினைவகத்திலிருந்து 12.5 ஜிகாபைட் வாசித்து 12.5 ஜிகாபைட் எழுத வேண்டும். செயலியின் உழைப்பு தரவைத் தூக்கி வைப்பதிலேயே கரைந்துவிடும்.

தொலை நினைவக நேரடி அணுகல், அதாவது ஆர்டிஎம்ஏ, இந்தப் பிரதியை ஒழிப்பதற்கு வந்தது. சீனன்குடாப் பக்கம் பிறீமா மா ஆலையின் இறங்குதுறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கோதுமையை மூடையில் கட்டித் தோளில் சுமந்து களஞ்சியம் சேர்ப்பது ஒரு முறை. கப்பலின் வயிற்றிலிருந்து நேரே சேமிப்புக் கோபுரத்துக்கு ஏற்றுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் இறக்கும் வேலை விரைவாக நடக்கும். ஆனால் கப்பலைத் துறையில் கட்டி, அனுமதி பெற்று, எந்தக் கோபுரம் காலியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே அந்த வேலையைத் தொடங்க முடியும்.

கணினியில் இந்த முன்வேலைக்கு நினைவகப் பதிவு என்று பெயர். தரவு போய்ச் சேரவேண்டிய பக்கங்களைப் பணிசெயல் முறைமை இடம்பெயராமல் பூட்ட வேண்டும். அவற்றின் முகவரிகளைக் கார்டின் அட்டவணையில் ஏற்ற வேண்டும். மறுமுனைக்கு ஒரு திறவுகோல் எண் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் திறவுகோலைச் செல்லாததாக்க வேண்டும். செல்லாததாக்காமல் பக்கத்தை வேறு வேலைக்கு விட்டுவிட்டால், பழைய திறவுகோலை வைத்திருப்பவர் அதில் எழுத முடியும். ஒரு மெகாபைட் வாசிப்புக்கு இந்தச் செலவு பெரிதல்ல. நூறு பைட் பதிலுக்கு இதே சடங்கைச் செய்தால் பழைய பிரதி முறையே மலிவானது. ஆகவே சிறு செய்திகள் பதிவின்றி நேரே செல்கின்றன. அதற்கான எல்லையை, என்எப்எஸ்ஸை ஆர்டிஎம்ஏ மீது ஏற்றும் நெறிமுறை 1024 பைட் என்று வைத்தது. லினக்ஸ் 4096 பைட் வரை உயர்த்தியது. என்எப்எஸ் நான்காம் பதிப்பில் பதில் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே தெரியாத அழைப்புகள் உண்டு. அவற்றுக்குப் பயனர் கணினி பெரிய இடம் ஒன்றைப் பதிவு செய்து வைக்கிறது. பதில் சிறிதாக வந்தால் அந்தப் பதிவு வீண். இந்த வீண் செலவை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இனி நான் அதிகம் தங்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். யாருடைய நினைவகத்தை யார் தொடலாம்? ஆரம்பகால வடிவமைப்பில் சேவையகம் தன் நினைவகத்தைத் திறந்து காட்டியது, பயனர் கணினி வந்து வாசித்துக்கொண்டது. வாசித்து முடித்ததும் முடிந்தது என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி வரும்வரை சேவையகம் அந்தப் பக்கங்களை விடுவிக்க முடியாது. பயனர் கணினி உறைந்துபோனால், அல்லது வேண்டுமென்றே மௌனமாக இருந்தால், சேவையகத்தின் நினைவகம் பிணையாகச் சிக்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு அது வெளியாரின் கைக்கு எட்டும் நிலையிலும் கிடக்கும். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தபலேஸ்வர் பாண்டாவின் குழு, நெட்அப் நிறுவனத்தின் தாமஸ் டால்பியுடன் சேர்ந்து 2007இல் இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டது. பயனர் கணினி தன் நினைவகத்தைத் திறக்கிறது. சேவையகம் அதில் எழுதுகிறது, அதிலிருந்து வாசிக்கிறது. சேவையகத்தின் நினைவகத்தை எவரும் வெளியிலிருந்து தொடுவதில்லை. 2010இல் வெளியான நெறிமுறை ஆவணமான ஆர்எப்சி 5666இலும், அதற்குப் பதிலாக 2017இல் வந்த ஆர்எப்சி 8166இலும் தரவு இப்படித்தான் நகர்கிறது.

வேகத்துக்காகப் பாதுகாப்பைச் சற்றுத் தளர்த்தலாம் என்று வாதிடும் கட்டுரைகள் நம் மேசைக்கும் வருகின்றன. நான் அவற்றோடு உடன்படவில்லை. கணினியின் முழு நினைவகத்தையும் ஒரே திறவுகோலில் திறந்துவிடும் வழி லினக்ஸ் பயனர் பக்கத்தில் ஒரு காலத்தில் இருந்தது. அது வேகமானதுதான், பிறகு நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரி. பாதுகாப்பையும் வேகத்தையும் சேர்த்தே தரும் வழிகள் இருக்கின்றன. சேவையகம் தன் பதிலை அனுப்பும்போது அதே செய்தியிலேயே பயனர் கணினியின் திறவுகோலையும் செல்லாததாக்கலாம். பயனர் பக்கம் தனியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை இதனால் மிச்சமாகிறது. நான் தேடுவது இந்த வகைச் சிக்கனத்தையே.

தரவை நகர்த்தும் பொறுப்பு சேவையகத்திடம் வந்ததால் ஒரு புதிய ஏற்றத்தாழ்வும் வந்தது. கோப்பை வாசிக்கும் அழைப்பில் சேவையகம் தரவைப் பயனர் நினைவகத்தில் எழுதிவிட்டு உடனே பதிலை அனுப்பலாம். ஒரே இணைப்பில் வரிசை குலையாது என்பதால், எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று நின்று பார்க்க வேண்டியதில்லை. கோப்பில் எழுதும் அழைப்பு அப்படியல்ல. சேவையகம் பயனர் நினைவகத்திலிருந்து தரவை இழுத்து வர வேண்டும், அது வந்து சேரும்வரை கோப்பில் எதையும் வைக்க முடியாது. அந்த இடைவெளி சில மைக்ரோசெக்கன்கள்தான். அந்த நேரத்தில் சேவையக இழை சும்மா நின்றால்? லினக்ஸ் என்எப்எஸ் சேவையகம் நெடுங்காலமாக இயல்பாகவே 8 இழைகளுடன் தொடங்கி வந்தது. எட்டும் இழுத்துவரக் காத்திருந்தால், அரை வரிப் பதில் மட்டும் கேட்ட ஒன்பதாவது கணினியும் காத்திருக்கும். இழையின் எண்ணிக்கையை உயர்த்துவது எல்லோரும் முதலில் செய்வது. அது நோயை மறைக்கும். இழுக்கும் கட்டளையைக் கார்டிடம் கொடுத்துவிட்டு இழை அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும், தரவு வந்த பிறகு எந்த இழை ஓய்வாக இருக்கிறதோ அது தொடர வேண்டும். இதைச் சரியாகச் செய்வது கடினம். இணைப்பு நடுவில் அறுந்தால் பாதி வந்த பக்கங்களை யார் விடுவிப்பது என்ற கேள்வி அங்கேதான் எழும்பும். பல கார்டுகள் ஓர் இணைப்பில் ஒரே வேளையில் 16 இழுப்புகளையே ஏற்கும் என்பதையும் வடிவமைப்பவர் மறக்கக்கூடாது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் 838 டெராஃப்ளாப் திறனுள்ள பரம் பொருள் என்ற மீகணினி தொடங்கிவைக்கப்பட்டது. அப்படியான பெரும் பொறிகளில் கோப்புச் சுமையைப் பல சேவையகங்கள் பகிர்ந்துகொள்ளும். நம் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் ஒரே சேவையகம், சில கணினிகள், ஒரு சாதாரண சுவிட்ச். ஆர்டிஎம்ஏ தரும் இன்பினிபாண்ட் என்ற தனி வலையமைப்பை வாங்க இங்கே பலரிடம் காசில்லை. ஈதர்நெட்டின் மேல் ஓடும் ஆர்டிஎம்ஏ வகையான ரோக்கி, பொதிகளை இழக்கும் வலையமைப்பில் தடுமாறும், அதற்குச் சுவிட்சைக் கவனமாக அமைக்க வேண்டும். டிசிபியின் மேல் ஓடும் இன்னொரு வகையான ஐவார்ப் இந்த விஷயத்தில் சற்றுப் பொறுமையானது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டு இல்லையென்று இந்த ஆய்வைத் தள்ளிப் போடாதீர்கள். லினக்ஸ் கேர்னலில் மென்பொருளாலேயே இயங்கும் ரோக்கியும் ஐவார்ப்பும் இருக்கின்றன. சாதாரண ஈதர்நெட்டில் என்எப்எஸ்ஸை ஆர்டிஎம்ஏ மீது ஏற்றலாம். அதில் வேகத்தை அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. ஆனால் ஓர் அழைப்புக்கு எத்தனை பதிவுகள் நடந்தன, எத்தனை பக்கங்கள் பிரதியாயின, இணைப்பை நடுவில் அறுத்தால் எந்தப் பக்கம் சிக்கிக்கொள்கிறது என்பதையெல்லாம் எண்ணலாம். பயனர் கணினியின் மவுண்ட் புள்ளிவிவரக் கோப்பே இந்த எண்களில் பாதியைத் தரும். நிலாவெளிச் சாலையோரம் கோணேசபுரியில் உள்ள வளாகத்தின் ஆய்வுகூடத்திலும் இதைச் செய்யலாம், உங்கள் வீட்டில் இரண்டு பழைய கணினிகளிலும் செய்யலாம்.

கட்டுரை வாசிப்போரிடம் என் வேண்டுகோள். ஒரு பெரிய கோப்பை வரிசையாக வாசித்து, இவ்வளவு ஜிகாபைட் வந்தது என்று மட்டும் காட்டாதீர்கள். அது நெறிமுறையின் மிக எளிதான பாதை. எழுதும் பாதையின் எண்ணைத் தாருங்கள். அதே நேரம் செயலி எத்தனை வீதம் உழைத்தது என்று தாருங்கள். சராசரித் தாமதத்தோடு நூறு அழைப்புகளில் ஒன்றுக்கு நேர்ந்த மிக மோசமான தாமதத்தையும் தாருங்கள். கடல் மாதிரியை ஓட்டுபவரைக் காக்க வைப்பது அந்த நூறாவது அழைப்பு.

நிகழ்ச்சி நிரலில் வாசிப்புப் பாதை பற்றிய கட்டுரைகள் காலையிலும் எழுதும் பாதை பற்றியவை பிற்பகலிலும் இருந்தன. தலைவர் என்ற உரிமையில் ஒருங்கிணைப்பாளர்களிடம் கேட்டு அதை மாற்றியிருக்கிறேன். எழுதும் பாதை பற்றிய மூன்று கட்டுரைகளும் இப்போது வாசிக்கப்படும். கேள்விகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் உண்டு. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.