பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்தைப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறதா? கல்லூரிப் பாடப்பிரிவுப் பட்டியல் கையில் இருக்குமே. பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளே என்ன பாடம் என்று பாருங்கள்.

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதுதான் பட்டத்தின் உயிர். அதில் மேஜர் என்கிற முதன்மைப்பாடம் இருக்கும். கூடவே அலைடு என்கிற துணைப்பாடம் இருக்கும். மேஜர் சோறு என்றால், அலைடு குழம்பு. குழம்பு பிடிக்காவிட்டால் சோறு இறங்குமா? இயற்பியல் எடுத்தால் பெரும்பாலும் கணக்கு அலைடாக வரும். கணக்கென்றாலே ஓடுகிற பிள்ளை அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. பட்டத்தின் பெயர் புதிதாக, கவர்ச்சியாக இருக்கிறதா? அரசு வேலைக்குப் போகும்போது, அந்த வேலைக்குக் கேட்கும் பட்டத்துக்கு இது இணையானது என்று அரசாணை காட்டச் சொல்லலாம். அந்த அரசாணை உண்டா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

பாடத்திட்டம் பல்கலைக்கழக இணையதளத்திலோ கல்லூரி இணையதளத்திலோ கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துவிடுங்கள்.