உணவுக்குப் பின்னர் குருதியில் நிகழ்வது



குருதிப் பரிசோதனைக்குச் செல்வோர் இரவு முழுவதும் உண்ணாதிருந்து, காலையில் வெறும் வயிற்றுடன் குருதி கொடுப்பது வழக்கம். பெறுபேறு நன்றாயிருந்தால் மனம் ஆறுதலடைகிறது. ஆயினும் மூன்று வேளை உண்ணும் ஒருவர் வெறும் வயிற்றுடன் இருப்பது நாளின் சிறு பகுதியே. எஞ்சிய நேரமெல்லாம் அவரது குருதி, உணவுக்குப் பிந்திய நிலையிலேயே ஓடுகிறது. நாடிகளில் கொழுப்புப் படிவது அந்நேரத்திலேயே தொடங்கக்கூடும் என்னும் கருத்தை சில்வர்ஸ்மிற் என்னும் ஆய்வாளர் 1979 இல் முன்வைத்தார்.

உண்ட கொழுப்பு சிறுகுடலில் கைலோமைக்கிரோன் எனப்படும் நுண்துணிக்கைகளாக மாறி, நிணநீர் வழியாகக் குருதியை அடைகிறது. மூன்று, நான்கு மணி நேரத்தில் ட்றைகிளிசரைட்டு உச்சமடைந்து, பின்னர் மெல்லத் தணிகிறது. தசைகளும் கொழுப்பிழையமும் தமக்கு வேண்டியதை எடுத்தபின் எஞ்சும் துணிக்கைகளை ஈரல் அகற்ற வேண்டும். அவ்வேலை தாமதமானால், கொலஸ்ரரோல் செறிந்த அவ்வெச்சங்கள் நாடியின் உட்சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. முதல் உணவின் கொழுப்பு முற்றாக நீங்குமுன் அடுத்த உணவு வந்துசேர்வதும் உண்டு.

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1997 இல் வெளியான ஆய்வொன்றில், உடல்நலமுள்ள பத்துப் பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள ஒரு வேளை உணவு வழங்கப்பட்டது. கையிலுள்ள நாடி விரியும் ஆற்றல் நான்கு மணி நேரம்வரை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. அதேயளவு கலோரியுள்ள, கொழுப்பற்ற உணவின் பின்னர் அவ்வாறு நிகழவில்லை. ஒரு வேளை உணவால் எவரும் நோயாளியாவதில்லை. அது நாள்தோறும் தொடர்வதே ஆபத்து.

தெற்காசிய மக்களிடையே வயிற்றுக் கொழுப்பு, நீரிழிவு, உயர்ந்த ட்றைகிளிசரைட்டு ஆகியன கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆகவே பலெர்மோ வாழ் தமிழர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பகலில் வேலையிடத்தில் பொரித்த அரஞ்சினாவோ பனெல்லேயோ, இரவு வீடு திரும்பியதும் கட்டித் தேங்காய்ப்பால் கறியும் கொத்து றொட்டியும், உடனே உறக்கம் என நாள் கழியுமாயின், நாடிகளுக்கு ஓய்வேயில்லை.

தீர்வும் இந்நகரிலேயே உள்ளது. பல்லாறோச் சந்தையில் கடலை, பருப்பு, கீரை, மத்தி மீன் ஆகியன கிடைக்கின்றன. சிசிலியின் ஒலிவ் எண்ணெயை நெய்க்கும் மாஜரினுக்கும் பதிலாக அளவோடு பயன்படுத்தலாம். தேங்காய்ப்பாலைக் கைவிட வேண்டியதில்லை. முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் சொதி வைக்கலாம். பொரியலை விழா நாளுக்கு ஒதுக்கலாம். இனிப்புப் பானமும் மதுவும் ட்றைகிளிசரைட்டை உயர்த்துவன என்பதையும் மறத்தலாகாது.

நடையும் மருந்தே. ஒருநாள் விரைவாக நடந்தவரின் தசைகள் மறுநாளும் கொழுப்பை விரைந்து அகற்றுகின்றன. சாந்தா ரொசாலியா அன்னையைத் தரிசிக்க மொன்டே பெல்லெக்ரினோ மலையேறும் கால்கள், ஏனைய நாள்களில் அரை மணி நேரமேனும் நடத்தல் நன்று.

குடும்ப வைத்தியரைச் சந்திக்கும்போது கொலஸ்ரரோலுடன் ட்றைகிளிசரைட்டையும் கேட்டறிதல் வேண்டும். வெறும் வயிற்றில் 150 மில்லிகிராமும், உண்டபின் 175 மில்லிகிராமும் ஒரு டெசிலீற்றருக்கு எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றைத் தாண்டினால் வைத்தியரின் ஆலோசனை அவசியம். ஏற்கெனவே மருந்து உட்கொள்வோர் உணவை மாற்றியதற்காக அதனைத் தாமாக நிறுத்தலாகாது.

நெஞ்சு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை ஆகியன தோன்றினால், அதனை வாயு எனக் கருதிக் காத்திராமல் உடனே 112 ஐ அழைத்தல் வேண்டும். மொழி தடையாயினும் வீட்டு முகவரியை இத்தாலிய மொழியில் சொல்லப் பிள்ளைகளும் முதியோரும் பழகியிருத்தல் நலம். அவ்வொரு வரி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.