கடல் கடந்த விடுதலை வேட்கை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து ஆண்டுகளாகக் கவிதையின்பால் கொண்ட காதலால் கூடிவரும் அவை இது. ஆகவே, எழுத்தும் விடுதலை வேட்கையும் ஒன்றாய்க் கலந்த ஒரு வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன்.

1845ஆம் ஆண்டு அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழை மக்கள் பெரிதும் நம்பியிருந்த உணவு அதுவே. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானதை அவர்கள் மறக்கவில்லை. அமெரிக்கக் கரையில் இறங்கியபோது அவர்தம் நெஞ்சில் சினமும் உடன் இறங்கியது.

அச்சினத்துக்கு 1858இல் நியூயார்க்கில் ஓர் அமைப்பு வடிவம் கிட்டிற்று. அதனை நிறுவிய ஜான் ஓ'மஹோனி ஒரு மொழியறிஞர். 17ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் ஐரிஷ் மொழியில் எழுதிய நாட்டு வரலாற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1857இல் வெளியிட்டவர். பழங்கதைகளில் வரும் 'ஃபியன்னா' என்னும் மறவர் கூட்டத்தை நினைந்து, தம் இயக்கத்துக்கு 'ஃபீனியன்' எனப் பெயர் சூட்டினார். ஏட்டில் உறங்கிய சொல் ஒரு படையின் பெயராயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயின்ற ஐரிஷ் வீரர்கள் 1866 ஜூனில் பிரித்தானியக் கனடாவுக்குள் புகுந்தனர். ரிட்ஜ்வேயில் வென்றும் விரைவில் பின்வாங்க நேர்ந்தது.

அதே ஆண்டில், பிரித்தானியப் படைக்குள் இருந்துகொண்டே ஃபீனியன்களுக்கு ஆள் சேர்த்த ஜான் பாயில் ஓ'ரெய்லி என்னும் இளைஞருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1867இல் அவரையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு 'ஹூகுமோண்ட்' கப்பல் ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டது. கைதிகள் என் செய்தனர்? 'காட்டு வாத்து' என்னும் பெயரில் கையெழுத்து இதழ் நடத்தினர்! ஏழு இதழ்கள் வெளிவந்தன. கையெழுத்து இதழ் நடத்திய அன்பர்கள் இவ்வவையிலும் இருப்பீர்கள். விலங்கிட்ட கைகளுக்கு எழுதுகோல் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

1869இல் ஓ'ரெய்லி தப்பி அமெரிக்கா சேர்ந்தார். பாஸ்டனில் 'பைலட்' இதழின் ஆசிரியராகவும் புகழ்பெற்ற கவிஞராகவும் உயர்ந்தார். சிறையில் எஞ்சிய தோழரை அவர் மறந்தாரல்லர். திமிங்கில வேட்டைக் கப்பலை அனுப்பலாம் என்று அவர் சொன்ன யோசனையின்படி, புலம்பெயர்ந்தோர் திரட்டிய பணத்தில் 'கட்டால்பா' கப்பல் சென்று, 1876இல் அறுவரை மீட்டு வந்தது.

எனினும், அவரை நான் போற்றுவது இதனால் மட்டுமன்று. 1863இல் நியூயார்க்கில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்தெழுந்த கலவரத்தில், ஐரிஷ் மக்கள் பலர் கறுப்பின மக்கள்மீது கொடுந்தாக்குதல் நடத்தினர். ஒடுக்கப்பட்டோரே ஒடுக்குவோரான அவலம் அது. ஓ'ரெய்லியோ கறுப்பின மக்களின் உரிமைக்காக எழுதினார், மேடையேறி முழங்கினார். 1770இல் பாஸ்டனில் பிரித்தானியர் குண்டுக்கு இரையான கிரிஸ்பஸ் அட்டக்ஸைப் பாடி 1888இல் கவிதை படைத்தார்.

தன் இனத்தின் துயரைப் பாடுவது கவிஞனுக்கு இயல்பு. அத்துயர் பிறர் துயரைக் காணும் கண்ணைத் தருகிறதா, மறைக்கிறதா? வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக் கவிதைகள் இவ்வினாவைத் தம்முள் தாங்கி வரவேண்டும் என விழைந்து அமைகின்றேன்.