இலையும் வெளுக்க வேண்டும், நிழலும் தெரிய வேண்டும்



கறுப்பு வெள்ளையில் சில நிலக்காட்சிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டப்பகலில் வானம் கறுத்துக் கிடக்கும். மரத்து இலைகளெல்லாம் பனி மூடினாற்போல வெள்ளை வெளேரென்று இருக்கும். அவை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்த படங்கள். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-இல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். இலை வெளுக்கும் இந்த விளைவு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இந்தப் படங்கள் பலவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. வெள்ளை சுண்ணாம்பாக இருக்கும், கறுப்பு தாராக இருக்கும், இரண்டுக்கும் நடுவே எதுவும் இருக்காது. அகச்சிவப்பு என்றாலே அப்படித்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. அந்த முரட்டு கான்ட்ராஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை அடக்கிவிடலாம்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 700 நானோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அகச்சிவப்பு. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சும், அகச்சிவப்பைத் தொடாது. இலைக்குள் இருக்கும் செல்களும் அவற்றுக்கு இடையிலான காற்றறைகளும் அகச்சிவப்பில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் இலை வெளுக்கிறது. வானமோ நீல ஒளியைத்தான் மிகுதியாகச் சிதறடிக்கிறது, அகச்சிவப்பை மிகக் குறைவாக. அதனால் வானம் கறுக்கிறது.

கான்ட்ராஸ்ட் பிறக்கும் இடம் நிழல். வெயில் நேரே படாத ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளிச்சம் நீல வானத்திலிருந்து வருகிறது. அந்த வெளிச்சத்தில் அகச்சிவப்பு மிகச் சொற்பம். நம் கண் அந்தச் சுவரில் ஒவ்வொரு செங்கல்லையும் பார்க்கிறது, ஃபிலிமுக்கு அது இருட்டு. மரத்தடி நிழல் அவ்வளவு மோசமில்லை. இலைகள் அகச்சிவப்பில் ஒரு பங்கைக் கீழே வடியவிடுவதால் அங்கே ஃபிலிமுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். மெல்லிய மேகம் படர்ந்த நாள் இன்னும் நல்லது. மேகத்தின் நீர்த்துளிகள் நீலம், சிவப்பு, அகச்சிவப்பு என்று பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் சிதறடிப்பதால், நிழலுக்கும் பங்கு போய்ச் சேரும். மொட்டை வெயிலில்தான் இந்தப் படம் எடுக்க வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை.

முன்பு கோடக் நிறுவனத்தின் எச்ஐஇ ஃபிலிம் இருந்தது. ஏறக்குறைய 900 நானோமீட்டர் வரை உணரும். வெளிச்சம் பின்பக்கம் பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பூச்சு அதில் கிடையாது. அதனால் வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் படரும்.  எச்ஐஇ உற்பத்தி 2007-இல் நின்றுபோனது. இப்போது கிடைப்பவற்றில் ரோலை இன்ஃப்ராரெட் 400 ஏறக்குறைய 820 நானோமீட்டர் வரையும், இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200 ஏறக்குறைய 740 வரையும் எட்டும்.

ரோலையை வைத்தே எக்ஸ்போஷரைச் சொல்கிறேன். 720 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் வேண்டும். ஹோயா ஆர்72 போல ஒன்று. அது கண்ணுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்த பிறகே அதை மாட்டுங்கள். அகச்சிவப்பு சற்றுத் தள்ளியே குவியும். பழைய லென்ஸ்களில் இதற்கென்றே சிவப்புப் புள்ளியோ ஆர் என்ற எழுத்தோ இருக்கும். தூரத்தை அந்தக் குறிக்கு நகர்த்துங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். அது அளப்பது வேறு ஒளியை. ஃபில்டர் ஏறக்குறைய 5 ஸ்டாப் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால், 400 வேகமுள்ள ஃபிலிம் 12 ஆகிவிடுகிறது. நல்ல வெயிலில் எஃப் 8, நொடியில் 60-இல் ஒரு பங்கு என்று தொடங்கலாம். அதே காட்சியை 30-இல் ஒரு பங்கு, 15-இல் ஒரு பங்கு, 8-இல் ஒரு பங்கு என்று மேலும் எடுங்கள். கூட்டிக்கொண்டே போங்கள், குறைக்காதீர்கள். நிழலில் பதியாததை எந்த டெவலப்பரும் கொண்டுவராது.

கூட்டினால் இலை எரிந்துபோகாதா என்று கேட்பீர்கள். போகும். அதைப் பிடித்து நிறுத்துவது டெவலப்பிங்கில். வழக்கமாக 10 நிமிடம் கொடுப்பவர் 8 நிமிடத்தில் நிறுத்திவிடலாம். நிழல் பகுதி சீக்கிரமே வந்துவிடும். மீதி நேரமெல்லாம் நெகட்டிவில் வெளிச்சப் பகுதியை மேலும் மேலும் கறுக்க வைப்பதற்குத்தான் போகிறது. டி-76 போன்ற டெவலப்பரைச் சரிபாதி தண்ணீர் கலந்து பயன்படுத்துவது இன்னும் நல்லது. அப்போது நேரம் கூடும், அந்தக் கலவைக்குரிய நேரத்திலிருந்து 5-இல் ஒரு பங்கைக் கழியுங்கள். நீர்த்த டெவலப்பர் வெளிச்சப் பகுதியில் சீக்கிரம் வலுவிழந்து நின்றுவிடும், நிழலில் தொடர்ந்து வேலை செய்யும். டேங்கை ஓயாமல் ஆட்டினால் இந்தப் பலன் போய்விடும். முதல் அரை நிமிடம் ஆட்டிவிட்டு, பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

டெவலப்பரின் வெப்பநிலை 20 டிகிரி இருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் 30-ஐத் தொடும். அதை அப்படியே ஊற்றினால் 8 நிமிடக் கணக்கு செல்லாது. ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் டேங்கையும் கரைசல்களையும் நிறுத்திக் குளிர வையுங்கள். இன்னோர் எச்சரிக்கை: ஃபிலிம் சுருளைக் கேமராவில் போடுவதும் எடுப்பதும் வெளிச்சத்தில் வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வழியாகவே ஒளி உள்ளே ஊர்ந்துபோய் முதல் சில ஃப்ரேம்களைக் கெடுத்துவிடும்.

நெகட்டிவ் காய்ந்ததும் ஒரு சோதனை. ஒரு செய்தித்தாளை வெளிச்சத்தில் விரித்து, நெகட்டிவின் மிகக் கறுத்த பகுதியை, அதாவது இலைக்கூட்டத்தை, எழுத்துகளின் மேல் வையுங்கள். எழுத்து மங்கலாகவாவது தெரிந்தால் அச்சில் இலைகள் தனித்தனியாக வரும். ஒன்றுமே தெரியாவிட்டால் டெவலப்பிங் அதிகம். அடுத்தது, கண்ணாடிபோல வெளிறிய பகுதியைப் பாருங்கள். அது நிழல். அங்கே சுவரின் காரை பெயர்ந்த இடம் மெல்லிய கோடாகவாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எக்ஸ்போஷர் போதவில்லை. இந்த இரண்டையும் சரிபார்த்த நெகட்டிவை இரண்டாம் கிரேடு காகிதத்தில் தொல்லையில்லாமல் அச்சிடலாம்.

முதல் சுருளை முழுக்கச் சோதனைக்கே கொடுத்துவிடுங்கள். ஒரே மரம், ஒரே சுவர், ஒரே வெயில். ஷட்டர், நேரம், மேகம், டெவலப்பரின் சூடு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த சுருளுக்கு அந்த நோட்டுதான் உங்கள் மீட்டர்.