ஆடியவரே எழுதட்டும்

ஷிப்ட் முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தங்கைகளே!

கும்பகோணம் பாலாமணி அம்மாளை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நூறாண்டுக்கு முன்பே பெண்களை மட்டும் வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். ராஜபார்ட்டும் பெண், ஸ்திரீபார்ட்டும் பெண்! அவர் நாடகம் பார்க்க 'பாலாமணி ஸ்பெஷல்' ரயில் ஓடிய கதையைச் சொல்வார்கள். அவர் உடுத்திய உடையைச் சொல்வார்கள். அந்தப் பெண்களைப் பழக்கியது யார்? சம்பளத்தை எப்படிப் பங்கிட்டார்கள்? அதைச் சொல்ல ஆளில்லை. ஆடியவள் பெண், எழுதிவைத்தவன் வேடிக்கை பார்த்தவன். அதனால் மிஞ்சியதும் வேடிக்கைதான்.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர்களும் நம்மிடையே உண்டு. பெண் சிசுக்கொலையைப் பேசிய 'பச்ச மண்ணு' நாடகத்தை இயக்கிய அ. மங்கை, வ. கீதாவின் பிரதியில் 'காலக்கனவு' தந்தார். தமிழ்ப் பெண்கள் எழுதியதும் பேசியதுமே அங்கே வசனமாயின. மேடையோடு அவர் நிற்கவில்லை. 1979 முதலான இந்திய நாடகத்தில் பெண்களின் பங்கை 2015-இல் 'ஆக்டிங் அப்' என்று நூலாக்கினார். எழுத்தாளர் அம்பையோ 1988-இல் தோழியரோடு மும்பையில் 'ஸ்பாரோ' காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் குரலை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், வேறொரு விடுதியில் சாப்பாடு கெட்டுத் தோழிகள் மருத்துவமனைக்குப் போனபோது, பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் இந்தப் பகுதித் தொழிற்சாலைப் பெண்கள். மறியலைச் செய்தி காட்டியது. அன்று முழக்கம் கட்டியவர் யார், முதலில் சாலையில் இறங்கியவர் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மகளிர் தினத்துக்கு நீங்கள் போடும் நாடகமும் அப்படித்தான்: வேலை மாறினால், ஊருக்குப் போனால், அதுவும் உங்களோடு போய்விடும்.

ஆகவே, நாடகம் போட்ட நாளை எழுதுங்கள். இடத்தை எழுதுங்கள். பாட்டு கட்டியவரை, பார்த்தவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வியை எழுதுங்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகுமென்று அஞ்சுகிறவர் இருப்பார். அவர் சம்மதிக்கும்வரை பெயர் உள்ளேயே இருக்கட்டும். எழுதிவைப்பது வேறு, வெளியிடுவது வேறு.

இந்த ஊர் நூலகத்தில் இந்தப் பதிவுகளுக்கென ஓர் அலமாரி கேட்போம். கேட்கும் மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.