சுருதியை இரைச்சல் என்ற காலம்

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். ஆயுபோவன்.

கலகெதரயில் இந்த மூன்றையும் சொல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. கண்டி அரசின் வாசலைக் காத்து நின்ற கணவாய் இது. ஒல்லாந்தனும் வந்து பார்த்தான், ஆங்கிலேயனும் வந்து பார்த்தான். அன்று தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டத்தை ஓட்டி மலைநாட்டுக்குப் பொதி ஏற்றிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். தட்டுங்கள் கையை, அவர்களுக்காக!

எனக்குத் தந்த தலைப்பு, கொரோனா காலத்தில் கல்லூரிகளில் கலையும் இசையும். பழைய கதை, அதை ஏன் இப்போது கிளற வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை, அதனால் கிளறுகிறேன்.

2020 மார்ச் 13, பாடசாலைகள் மூடின. 20ஆம் திகதி மாலை ஊரடங்கு. தமிழ் டீச்சர் ஸூமில் வந்தார், கணித டீச்சர் ஸூமில் வந்தார். சங்கீத டீச்சர் என்ன செய்வார்? பல இடங்களில் அவரை யாரும் கேட்கவே இல்லை. "சங்கீதம் பிறகு பார்க்கலாம் மிஸ்" என்றார்கள். இந்தக் கண்டி மாவட்டத்தில் ஒரு சங்கீத டீச்சர் இருக்கிறார். பெயரைச் சொல்லாதீர்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன். ஆனால் அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு இல்லை.

அவருடைய வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஒரே ஒரு போன். அது அப்பாவின் சட்டைப் பையில் காலையில் வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தால்தான் போன் வரும், போன் வந்தால்தான் சங்கீதம் வரும். ஸூமுக்கு ரீலோட் போட வழியில்லை. டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? மாயாமாளவகௌளையில் ஒரே ஒரு சரளி வரிசையை எடுத்து, சுருதி வைத்துத் தானே பாடி, சின்னத் துண்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிள்ளை இரவில் கேட்டுப் பாடி அனுப்பும். டீச்சர் ஒவ்வொரு குரலையும் காதில் வைத்துக் கேட்டுப் பதில் போடுவார்: "நிஷாதம் இறங்குது தங்கம், இன்னொருக்காப் பாடு." ஒவ்வொரு பிள்ளைக்கும்! ஒவ்வொரு இரவும்! இதற்கு எந்தச் சுற்றுநிருபமும் இல்லை, மேலதிகக் கொடுப்பனவும் இல்லை. அந்தத் தாய்க்குக் கைதட்டுங்கள்!

சேர்ந்து பாடுவது ஸூமில் ஏன் முடியாது என்று இங்கே காட்டிவிடுகிறேன். வலப்பக்கத்தில் இருப்பவர்கள் ஆதி தாளம் போடுங்கள். போடுங்கள், வெட்கப்படாதீர்கள், ஹாஜியாரும் போடலாம்! சரி. இப்போது இடப்பக்கத்தில் இருப்பவர்கள் அதே தாளத்தை அரை நொடி பிந்திப் போடுங்கள். கேட்டீர்களா? சந்தை இரைச்சல்! இணையத்தில் குரல் அரை நொடிகூடப் பிந்த வேண்டாம், அதில் ஒரு சின்னப் பங்கு பிந்தினாலே தாளம் உடைந்துவிடும். அது மட்டுமா? மனிதப் பேச்சுக்காகச் செய்த கருவி ஸூம். விடாமல் ஒலிக்கும் சத்தம் எதுவானாலும் மின்விசிறி என்று நினைத்து வெட்டிவிடும். சுருதிப் பெட்டி விடாமல்தானே ஒலிக்கும்? அதையும் வெட்டியது. எந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பாட வேண்டுமோ, அதையே இரைச்சல் என்று தூக்கி எறிந்தது! ஸூமின் அமைப்புக்குள் போய் மூல ஒலி என்ற வசதியைத் திறந்துவிட்டால்தான் சுருதி மற்றப் பக்கம் கேட்கும். நம்முடைய சங்கீத ஆசிரியர்கள் இதையெல்லாம் தாங்களே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்கள்.

ஏன், நேரில் கூடிப் பாடியிருக்கக் கூடாதா? அதன் விலையை உலகம் பார்த்தது. 2020 மார்ச் 10ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். 50க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். இரண்டு உயிர் போனது. வாயைத் திறந்து பாடியதுதான் அவர்கள் செய்தது.

அதற்காகப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்களா? பொஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி மூடியது. ஒரு மாணவி அழைப்பு விடுத்தாள். மாணவர்கள் தத்தம் அறையில் இருந்து பாடி, வாசித்து, பதிவு செய்து அனுப்பினார்கள். அதை ஒன்றாகக் கோர்த்து ஒரு முழு வாத்தியக் குழுவே ஒலித்தது! அதே 2020இல் எரிக் விட்டேக்கர் என்ற இசையமைப்பாளர் நடத்திய இணையப் பாடகர் குழுவில் 129 நாடுகளிலிருந்து 17,000க்கும் மேற்பட்டோர் பாடினார்கள். சென்னை மியூசிக் அகாதெமி அந்த மார்கழிக் கச்சேரிகளை இணையத்தில் நடத்தியது. வழி எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரே காலப்பிரமாணத்தில் ஒரு பதிவைக் காதில் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் தனியாகப் பாடுவது, பிறகு ஒருவர் உட்கார்ந்து சேர்ப்பது.

நம்முடைய டீச்சரும் அதைத்தான் செய்தார். இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியை வைத்துத் தன் பிள்ளைகளின் குரலைப் போனிலேயே சேர்த்தார். ஒரு குரலுக்குப் பின்னால் நாய் குரைக்கிறது. அந்தத் துண்டை வெட்டச் சொன்னார்கள். "அதை வெட்டினா அந்தப் பிள்ளையையும் வெட்டணும், மாட்டேன்" என்றார்.

போன கிழமை வேறொரு மேடையில் ஒருவர் பேசியிருக்கிறார். கொரோனாவில் பிள்ளைகள் ஆட்டம் பாட்டம் என்று திரிந்ததால்தான் கல்வி கெட்டது என்று. பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். அவரை இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். பதுளைப் பக்கம் பொஹிட்டியாவ என்ற ஊரில், சிக்னலுக்காகக் காடு கடந்து கற்பாறை மேல் ஏறிப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். உலகச் செய்திகளில் வந்தது. அந்தக் கற்பாறைக்கு நீங்கள் ஒரு நாள் ஏறினீர்களா? பல்கலைக்கழகப் பிள்ளைக்கு, இதோ நம்முடைய பேராதனையில் இயங்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக, டேட்டாச் செலவில்லாமல் விரிவுரை கேட்க ஏற்பாடு நடந்தது. நல்ல காரியம், வாழ்த்துகிறேன். கலகெதரப் பிள்ளையின் ஸூமுக்கு ரீலோட் போட்டது யார்? அப்பாவும் உம்மாவும். நீங்கள் ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தீர்களா? கொடுக்காதவருக்குக் குறை சொல்லும் வாய் எதற்கு?

பேராதனை என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1960களில் அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்ன செய்தார்? விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். அதை அப்படியே பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தால் யார் இருந்து பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். சுருக்கினார், செப்பனிட்டார், மாணவர்களை ஆட வைத்தார். 1962இல் கர்ணன் போர். பிறகு இராவணேசன். மாணவனாக இருந்த மௌனகுரு இராவணனாக ஆடினார், பின்னாளில் பேராசிரியரானார். வட்டக்களரி இல்லை, விடிய விடிய நேரமும் இல்லை, ஆனாலும் கூத்து நின்றது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில், நம்முடைய கண்டி மண்ணில் நடந்தது இது! களம் போய்விட்டால் கலை போய்விடாது என்று ஒரு தமிழ்ப் பேராசிரியர் அன்றே ஆடிக் காட்டிவிட்டார். வாட்ஸ்அப்பில் சரளி வரிசை சொல்லிக் கொடுத்த டீச்சர் அந்தப் பரம்பரை. ஆம், நான் சொல்கிறேன், அந்தப் பரம்பரை!

கொரோனா ஆண்டுகளில் கண்டியின் எசல பெரஹராவை நினைத்துப் பாருங்கள். லட்சம் பேர் நிற்கும் வீதியில் பார்வையாளர் இல்லை. 2020இலும் இல்லை, 2021இலும் இல்லை. ஆனாலும் பெரஹரா போனது. பார்க்க ஆளில்லை என்று பெரஹராவை நிறுத்தியிருந்தால் நம்முடைய கண்டி பொறுத்திருக்குமா? பொறுத்திருக்காது. அப்படியென்றால் பாடசாலைச் சங்கீதத்தை மட்டும் ஏன் பொறுத்தோம்?

இந்த ஊரில் நின்றுகொண்டு கொரோனா கால ஜனாஸாவைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் என் மனம் என்னை விடாது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது, கொரோனாவில் இறந்த எல்லோரின் உடலையும் எரிக்க வேண்டும் என்று. பிறந்து 20 நாளான ஒரு பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். அப்போது பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். இறந்தவரைப் போர்த்தும் கபன் துணி. ஒரு இரவில் யாரோ அவிழ்த்து எறிந்தார்கள். மறுபடி கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமா? சிங்களவர் கட்டினார், தமிழர் கட்டினார், பாதிரியார் வந்து கட்டினார். 2021 பெப்ரவரியில் உத்தரவு மாறியது, ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய மண் கிடைத்தது. ஊர்வலம் போக முடியாத நாளில், கூட்டம் கூட முடியாத நாளில், ஒரு முழத் துணியால் நாட்டையே பேச வைத்தார்களே, அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது? சங்கீதம், நடனம் போன்ற அழகியற் பாடம் வீண் என்பவர் இதற்குப் பதில் சொல்லட்டும்!

இப்போது அந்தத் தீராத கணக்குக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டின் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் எழுதினார்கள். செப்டெம்பரில் பெறுபேறு வந்தது. கணிதம் வந்தது, விஞ்ஞானம் வந்தது, சமயம் வந்தது. அழகியற் பாடங்களின் பெறுபேறு மட்டும் வரவில்லை! செயன்முறைப் பரீட்சை நடத்த முடியவில்லையாம். டீச்சரின் பிள்ளை ஒன்று, அந்த இரவு எட்டு மணிப் பிள்ளை, பெறுபேற்றைப் பார்த்துவிட்டு போன் எடுத்துக் கேட்டது: "மிஸ், நாங்க பாடினது யாருக்கும் கேக்கலையா?"

கேட்டிருக்க வேண்டும். அதைத்தான் சொல்லவந்தேன். ஒரு டீச்சர் தன் கைப்போனில் ஒவ்வொரு குரலையும் கேட்டு, எங்கே சுருதி விலகியது, எங்கே தாளம் தப்பியது என்று ஒன்றரை ஆண்டு காலம் மதிப்பிட்டார். அந்தப் பதிவுகள் இருக்கின்றன. அவரிடம் மட்டுமல்ல, நாடு முழுக்க எத்தனையோ சங்கீத, நடன, நாடக ஆசிரியர்களின் போன்களில் இருக்கின்றன. பதிவைக் கேட்டுப் புள்ளி போட முடியும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் பெறுபேற்றில் அந்தப் பாடத்தின் கட்டம் வெறுமையாக வந்திருக்காது.

கொரோனா போனது. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலை மறுபடி மூடியது. நாளை மழை வரும், மண் சரியும், வேறொன்று வரும். அப்போது சங்கீத டீச்சரைப் பார்த்து "பிறகு பார்க்கலாம் மிஸ்" என்று சொல்ல இந்த ஊரில் யாரும் துணியக் கூடாது. பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களே, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் பிள்ளையின் செயன்முறைப் பதிவு யாரிடம் இருக்கிறது, ஆண்டு முழுக்க அது சேமிக்கப்படுகிறதா, தேவைப்பட்டால் அதற்குப் புள்ளி உண்டா? எழுத்தில் பதில் வாங்குங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு நான் வருகிறேன், உங்களோடு வந்து நிற்கிறேன். அந்த டீச்சரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். றபானோடு பிள்ளைகள் தயாராக நிற்கிறார்கள். அவர்களுக்கு வழிவிடுகிறேன்.